பாதியில் நின்ற பாட்டு

உங்களிடம் ஒரு கேள்வி. நண்பனோடு, அல்லது தோழியோடு, இளம் வயதில் நீங்கள் போன ஒரு பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியோ, குற்றாலமோ, ஒன்றுமில்லாவிட்டால் பக்கத்து ஊர்த் திருவிழாவோ. நினைத்தவுடன் எந்தப் பாட்டு கேட்கிறது?

நிச்சயம் ஒன்று கேட்டிருக்கும். பஸ்ஸில் டிரைவர் போட்டதாக இருக்கலாம், டீக்கடை ரேடியோவில் வந்ததாக இருக்கலாம். நல்ல பாட்டாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் கர்நாடக சங்கீதத்தைத் தவிர வேறெதற்கும் தலையாட்டாதவர். ஆனால் 1978-ல் கன்னியாகுமரி போனபோது பஸ்ஸில் கேட்ட ஒரு படுமோசமான குத்துப்பாட்டு எங்காவது ஒலித்தால், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பாட்டு முடிகிறவரை அவர் கன்னியாகுமரியில்தான் இருப்பார்.

என் பாட்டு கொஞ்சம் கௌரவமானது. 1980-ல் மகேந்திரன் இயக்கத்தில் வந்த 'ஜானி' படத்தில், கடைசியில் மழையில் நின்றபடி ஸ்ரீதேவி பாடுவாரே, இளையராஜா இசையில் எஸ். ஜானகி பாடியது, அது. அந்தப் பாட்டு எனக்குச் சொந்தம் என்று முப்பத்தெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படிக் கெட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பயணம். 1985 டிசம்பர். நானும் என் கல்லூரி நண்பனும் மதுரையிலிருந்து மூணாறு போனோம். அவன் பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்தை அவனும் படிப்பான். எங்களுக்குள் 'மாப்ளே'தான் பெயர். இரண்டு பேருக்கும் இருபது வயது. கடைசி வருஷம். வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டுப் போனோம் என்பது இப்போது ஞாபகம் இல்லை. நல்ல பொய்யாகத்தான் இருக்கவேண்டும், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவனுடைய மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த, சின்ன சூட்கேஸ் அளவு சாமான். அதை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். பேட்டரி ஆறு போடவேண்டும். அதையும் அவன்தான் வாங்கினான். என் பங்கு கேசட்.

இப்போது காதில் ஒரு வெள்ளைக் குமிழைச் செருகிக்கொண்டு உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கிற பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அன்று 'ரெக்கார்டிங் சென்டர்' என்று தெருவுக்கு ஒரு கடை இருந்தது. சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு அட்டைகள். ஒரு முழு வெள்ளைத்தாளில் நமக்குப் பிடித்த பாட்டுக்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளவேண்டும். அந்தப் பட்டியலுக்கு நாங்கள் உழைத்த உழைப்பைப் பரீட்சைக்கு உழைத்திருந்தால் எங்கேயோ போயிருப்போம். எது முதல், எதற்குப் பின் எது, சோகத்துக்குப் பின்னால் உடனே டப்பாங்குத்து வரலாமா, எல்லாம் யோசிப்போம். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுக்கள் அந்தக் கணக்குக்குள் ஒருபோதும் அடங்காது. "கடைசிப் பாட்டு முழுசா வராது தம்பி, பரவாயில்லையா?" என்று கடைக்காரர் கேட்டார். பரவாயில்லை என்றேன். அந்தக் கடைசிப் பாட்டுதான் 'ஜானி' பாட்டு.

கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். நாலரை நிமிடப் பாட்டுக்குச் சுமார் 13 மீட்டர் நாடா வேண்டும். எனக்கு மூன்று, நாலு மீட்டர் குறைந்துபோனது. இரண்டாவது சரணம் ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போகும். ஜானகி மூச்சை இழுப்பார். 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும். அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு என் மனசில் இன்றைக்கும் அதுதான் முடிவு. முழுப் பாட்டை எங்காவது கேட்டால், அந்த 'டக்'குக்குப் பிறகு வருவது எனக்கு அந்நியமாக இருக்கும். யாரோ தெரியாதவர் வீட்டுக்குள் தப்பிப்போய் நுழைந்துவிட்ட மாதிரி.

மதுரையிலிருந்து போடிக்கு அப்போது மீட்டர் கேஜ் ரயில். உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி கணவாய், தேனி என்று ஒவ்வொரு ஊராக நலம் விசாரித்துக்கொண்டே போகும். அந்தத் தடத்தை 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023-ல்தான். நாங்கள் போன அன்று டூ-இன்-ஒன் எங்கள் பெட்டிக்குப் பொதுச்சொத்தானது. எதிரில் இருந்த பெரியவர், "தம்பி, எம்.ஜி.ஆர். பாட்டு இல்லையா?" என்று உசிலம்பட்டிவரை கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை என்றதும் எங்கள் வளர்ப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்.

போடியில் பஸ் பிடித்தோம். முந்தல் தாண்டியதும் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கி முக்கி ஏற, கீழே சமவெளி விரிந்துகொண்டே போகும். போடிமெட்டில் குளிர் கையைப் பிடிக்கும். அங்கிருந்து கேரளா. ஏலக்காய்த் தோட்டங்கள், பூப்பாறை, பிறகு தேயிலை, தேவிகுளம், மூணாறு. மூணாறில் பஜாரை ஒட்டி ஒரு சின்ன லாட்ஜ். கட்டில் ஒன்றுதான். போர்வையும் ஒன்றுதான். வராந்தாவில் உட்கார்ந்தால் கீழே ஆறு ஓடும் சத்தம் கேட்கும்.

இனி வருவது நான் பலமுறை பலரிடம் சொன்ன கதை. கல்யாண வீடுகளில், ஆபீஸ் டூரில், என் பிள்ளைகளிடம். ராத்திரி பதினோரு மணி. ஊர் அடங்கிவிட்டது. பஜாரில் ஒரு லைட் மட்டும் பனியில் மங்கலாக எரிகிறது. நானும் அவனும் ஒரே போர்வையைத் தோளோடு தோள் சுற்றிக்கொண்டு வராந்தாப் படியில் உட்கார்ந்திருக்கிறோம். குளிரில் பேட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது. ஜானகியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, ஜேசுதாசுக்கு அண்ணன் மாதிரி ஆகிறது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு, பனி, ஆறு. அப்புறம் அந்த 'டக்'. அதன் பிறகும் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

"பேசாமல் இருக்க முடிந்தால்தான் நட்பு" என்று இந்தக் கதையின் முடிவில் நான் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். கைதட்டலும் ஒருமுறை கிடைத்திருக்கிறது.

அடுத்த ஏப்ரலில் அவன் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். போடியில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்துவிட்டான். நான் பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது, சென்னைக்கு வந்தேன். கடிதம், பிறகு வாழ்த்து அட்டை, பிறகு தீபாவளிக்கு ஒரு போன். 1991-ல் அவன் அப்பா இறந்தபோது தந்தி கொடுத்தேன். நடுவில் கடை நொடித்து, கடன் வாங்கி மறுபடி எடுத்து நடத்துகிறான் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் தேனி. ஏறவில்லை.

ஆனால் பாருங்கள், அவனை மறந்தேன் என்று யாரும் சொல்லமுடியாது. 'ஜானி' பாட்டு எப்போது கேட்டாலும் அவனைத்தான் நினைத்தேன். கண்கூடக் கலங்கியிருக்கிறது. அதையே நட்பு என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். மனசாட்சி ஏதாவது முணுமுணுத்தால் அதற்குப் பதில் சொல்லப் பிசிராந்தையாரைக் கூப்பிட்டேன். கோப்பெருஞ்சோழனும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் உயிர் நண்பர்கள் இல்லையா? பார்த்துப் பழகவேண்டும் என்பதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்று வள்ளுவரும் சொல்லிவிட்டாரே? சோம்பேறி நண்பர்களுக்கு இதைவிட வசதியான ஒரு குறள் கிடையாது.

2023 ஆவணியில் தேனியில் ஒரு கல்யாணம். எங்கள் கூடப்படித்த இன்னொருவன் வீட்டுக் கல்யாணம். அவனும் வந்திருந்தான். தலை பாதி காலி, மீதி வெள்ளை. என் லட்சணமும் அதுதான். வரவேற்பில் லைட் மியூசிக். நாங்கள் இரண்டு பேரும் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில். சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு எல்லாம் பேசி முடித்தோம். மேடையில் ஒரு பெண் அந்தப் பாட்டை ஆரம்பித்தாள்.

எனக்குப் புல்லரித்தது. அவன் தொடையில் தட்டி, "மாப்ளே! மூணாறு!" என்றேன்.

அவன் சிரித்தான். கோபமெல்லாம் இல்லை, சாதாரணச் சிரிப்புத்தான். "ஆமா. நீ என்னையப் பேசவிடாமப் பண்ண பாட்டு" என்றான்.

"என்னடா சொல்றே?"

"அன்னிக்கு ராத்திரி ஒரு விஷயம் சொல்லணும்னு வாயெடுத்தேன். 'ஷ்ஷ்... பாட்டு'ன்னே. ரெண்டு தடவ. அப்பறம் நானும் விட்டுட்டேன். கெடக்கட்டும் விடு, சாப்பிடப் போவமா? பந்தி மாறுது பாரு."

எழுந்து போய்விட்டான். அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்தில் 'டக்' இடத்தைத் தாண்டி, நான் கேட்டே பழகாத பகுதிக்குள் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி தேனி லாட்ஜில் தூக்கம் இல்லை. முதலில் வந்தது வருத்தம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எதிர்வாதம்தான் வந்தது. நானாவது ஷ்ஷ் என்று சொல்வதாவது! முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு 'ஷ்ஷ்' யாருக்காவது ஞாபகம் இருக்குமா? அவன்தான் ஏதோ குழப்பிக்கொள்கிறான்.

எனக்கு உதவிக்கு அறிவியலும் வந்தது. 2000-ல் கரீம் நாதேர் என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஒலி, கூடவே ஒரு மின் அதிர்ச்சி. எலிகள் அந்த ஒலிக்கு நடுங்கப் பழகின. (அவற்றுக்கும் அது ஒரு 'பயணப் பாட்டு' மாதிரிதான்.) பிறகு ஒருநாள் அந்த ஒலியை மட்டும் போட்டு நினைவைக் கிளறிவிட்டு, மூளை நினைவைப் பதிவதற்குத் தேவையான புரதம் உருவாகாமல் ஒரு மருந்தால் தடுத்தார்கள். அடுத்த நாள் பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதாவது, ஒரு நினைவை வெளியே எடுத்தால் அதை மறுபடியும் புதிதாகப் பதிந்து வைக்கவேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அது மாறவும் வாய்ப்பு உண்டு. நினைவு என்பது அலமாரியில் வைத்த கேசட் இல்லை. போடும் ஒவ்வொரு தடவையும் அதன்மேலேயே மறுபடி ரெக்கார்ட் ஆகிற கேசட்.

நல்ல வாதம்தான். ஆனால் விடிகிற நேரத்தில் அது என்மேலேயே திரும்பியது. அந்த ராத்திரியை எத்தனை தடவை வெளியே எடுத்தது யார்? நான். ஒவ்வொரு தடவையும் மெருகேற்றிச் சொன்னது யார்? நான். கைதட்டல் வாங்கியது? அதுவும் நான். அவன் அதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. தொடாமல் வைத்த பண்டத்தில் விரல் ரேகை குறைவாகத்தான் இருக்கும். தவிர, அவனுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. எனக்கு உண்டு.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பாட்டுப் பட்டியலை எழுதியது நான் மட்டும். பன்னிரண்டு பாட்டும் என் பாட்டு. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு சந்திரபாபு பாட்டு. "பழசுடா மாப்ளே, செட்டாகாது" என்று சொல்லி எழுதாமல் விட்டேன். டூ-இன்-ஒன் அவனுடையது, பேட்டரி அவனுடையது, பாட்டு மட்டும் என்னுடையது. இதுவரை நான் சொன்ன கதையில் இந்த விவரம் வந்ததே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நானும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இதை என் சொந்தக் கஷ்டமாக மட்டும் நினைத்தால் எழுதியிருக்கமாட்டேன். உங்கள் வீட்டிலும் பாருங்கள். "அந்த வருஷம் ராமேஸ்வரம் போனோமே, என்ன ஜாலியா இருந்துச்சு!" என்று அப்பா ஆரம்பிப்பார். ரயிலில் எல்லாரும் பாடியது, பாம்பன் பாலத்தில் காற்று அடித்தது, எல்லாம் சொல்வார். அம்மா சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் நாள் ராத்திரி ஒரு மணிவரை நின்று புளியோதரை கிளறி, எழுபது இட்லி ஊற்றி, வாழை இலையில் கட்டி, ரயிலில் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பாலம் வந்தபோது பாத்திரம் கழுவ வாஷ்பேசினில் நின்றிருந்தவள் அவள். அந்தப் பயணத்தில் அவளுக்கு என்ன பாட்டு கேட்டிருக்கும்? நாம் யாராவது கேட்டோமா? வாத்தியாருக்கு அந்த வகுப்பு பொற்காலம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அது பிரம்புக் காலம். இரண்டு பேரும் ஒரே குரூப் போட்டோவில்தான் இருக்கிறார்கள்.

சேர்ந்து அனுபவித்ததெல்லாம் பொதுச்சொத்து என்று நாம் நினைக்கிறோம். அவிஷாய் மார்கலிட் என்ற இஸ்ரேலியத் தத்துவப் பேராசிரியர் நினைவின் அறம் பற்றி 2002-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு வித்தியாசம் காட்டுகிறார். ஒரே சம்பவத்தைப் பலர் தனித்தனியாக நினைவில் வைத்திருப்பது ஒன்று. அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லி, சேர்த்து வைத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பகிர்ந்த நினைவு என்கிறார். அதற்குப் பேச்சு வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் மூணாறு எங்கள் இருவருக்கும் பகிர்ந்த நினைவே இல்லை. ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் தனித்தனியாக மூணாறு போயிருக்கிறோம்.

அப்படியானால் என் நினைவு பொய்யா? இந்தக் கேள்வியைச் சுலபமாக முடிக்க எனக்கு மனசு வரவில்லை. குளிர் நிஜம். ஆற்றுச் சத்தம் நிஜம். ஜானகி மூச்சை இழுத்தது நிஜம். அந்த ராத்திரி நான் அடைந்த சந்தோஷம், கடவுள் சாட்சியாக, நிஜம். பக்கத்தில் அவன் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு அப்படி இறங்கியிருக்காது என்பதும் நிஜம்தான். வேண்டுமென்று நான் எதையும் மறைக்கவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் அனுபவித்த சந்தோஷத்துக்கு ஒருவன் எப்படிப் பொறுப்பாவான்?

ஆனால் அந்த 'தெரியாது' எங்கேயிருந்து வந்தது? அவன் சொல்ல வந்ததை நான் கேட்காததிலிருந்து. அவனுடைய மௌனத்தை நான் நட்பின் ஆழம் என்று எடுத்துக்கொண்டேன். அது வாயடைத்த மௌனம். மாளிகை மாதிரி ஒரு வீட்டில் நாற்பது வருஷம் வாடகை தராமல் குடியிருந்துவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்ததும் "வீடு ரொம்ப அழகு சார்" என்று சொன்னவன் நிலைமை என்னுடையது.

பிசிராந்தையாரும் அன்று ராத்திரி என் பக்கம் நிற்கவில்லை. அந்தக் கதையை நான் பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன், கேசட் மாதிரியே. முழுக்கதை என்ன? பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையில் மனம் நொந்து கோப்பெருஞ்சோழன் உறையூரில் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். ஆந்தையார் வருவார், அவருக்கும் பக்கத்தில் இடம் வையுங்கள் என்றான். கண்ணால்கூடப் பார்க்காதவர், பாண்டிய நாட்டிலிருந்து, எப்படி வருவார் என்று சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நான் நன்றாக இருந்த நாளில் வராவிட்டாலும் கஷ்டப்படும்போது வராமல் இருக்கமாட்டார் என்பதுதான் அரசனின் நம்பிக்கை. ஆந்தையார் வந்தார். சும்மா எட்டிப் பார்க்கவில்லை, கூடவே இருந்து உயிரை விட்டார். உணர்ச்சியே போதும் என்பதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணமே, கிளம்பி வந்துசேர்ந்த ஒருவர்தான். இதை நான் எத்தனை மேடைகளில் கேட்டிருப்பேன். வசதியான பாதியோடு பட்டனை மேலே எழுப்பிவிட்டேன்.

காலையில் சென்னைக்கு டிக்கெட் இருந்தது. அதை விட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்து போடிக்குப் போனேன். தேனியிலிருந்து அரைமணி நேரம். இதற்கு எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கடை பழைய இடத்திலேயே இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் அவன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வாப்பா, ஊருக்குப் போகலையா?" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவன் மனைவி வந்து, "வாங்கண்ணே, அம்பது வாட்டி போன்ல கேட்ட கொரலு, இன்னிக்குத்தான் மொகம் பாக்குறேன்" என்றது. ஐம்பது இல்லைம்மா, தீபாவளிக்குத் தீபாவளி கணக்குப் போட்டால் அதில் பாதிகூட வராது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். காபி வந்தது.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னிக்கு என்னடா சொல்ல வந்தே?" என்று கேட்டுவிட்டேன்.

"அட, அதுக்கா வந்தே?"

"அதுக்குத்தான்."

அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான்.

"நான் கேட்டிருந்தா நீ பரீட்ச எழுதியிருப்பியா?" என்றேன். ராத்திரி முழுக்க என்னை அரித்த கேள்வி.

"போடா லூசு. நீ கேட்டு என்ன பண்ணியிருப்பே? இருவது வயசுப் பய, உங்கிட்டயும் பத்து பைசா கெடையாது. ஒண்ணும் மாறியிருக்காது." எனக்கு மூச்சு வந்தது. அவன் நிறுத்தவில்லை. "ஆனா கேட்டிருக்கலாம்டா."

நண்பர்களே, ஒன்றும் மாறியிருக்காது என்பதும் கேட்டிருக்கலாம் என்பதும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்தன. இரண்டுமே உண்மை. பலன் இல்லாத ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டதற்குக் குற்றம் உண்டா என்று தத்துவ வகுப்பில் கேட்டால் ஒரு மணி நேரம் பேசலாம். அந்த மளிகைக் கடையில், துவரம்பருப்பு வாசனைக்கு நடுவில், அதில் பேச எதுவும் இருக்கவில்லை.

பிறகு சொன்னான். நடுநடுவே ஆட்கள் வந்தார்கள், எடை போட்டுக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். முக்கால் மணி நேரம் ஆனது. என்ன சொன்னான் என்பதை எழுதப்போவதில்லை. அவனுடைய கதையை வைத்து இன்னொருமுறை நான் கைதட்டல் வாங்கக்கூடாது. அப்பாவின் உடம்பு மட்டும் காரணம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சொல்லி முடித்ததும் அவனே பேச்சை மாற்றினான். அந்த டூ-இன்-ஒன் என்ன ஆனது தெரியுமா, மாமா வந்து திருப்பிக் கேட்டு ஒரே சண்டை, கடைசியில் ரிப்பேர் கடையில் போட்டு மூன்று வருஷம் எடுக்கவே இல்லை என்றெல்லாம் சொல்லிச் சிரித்தான். உசிலம்பட்டிப் பெரியவர் அவனுக்கும் ஞாபகம் இருந்தார். எனக்குத் தெரியாத ஒன்றும் சொன்னான். போடிமெட்டில் பஸ் நின்றபோது அவர் மாதிரியே பேசிக் காட்டி நான் அவனை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தேனாம். "அந்தப் பயணத்துல எனக்கு அதான்டா ஞாபகம். மத்ததெல்லாம் அப்பறம்" என்றான். அந்த விஷயம் என் நினைவில் துளிகூட இல்லை. ஆக, நானும் அவனுக்கு ஏதோ கொடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அதையும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

கிளம்புகிற நேரம் இன்னொன்று கேட்டேன். "மாப்ளே, கேசட்டுக்கு ஒரு சந்திரபாபு பாட்டு கேட்டியே. நான் எழுதாம விட்டேன். அது எந்தப் பாட்டுடா?"

இப்போது போனில் தேடினால் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். அங்கேயே போட்டுக் கேட்டுவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தும் வைத்திருந்தேன்.

அவன் யோசித்தான். வாய்க்குள் ஏதோ ராகத்தை இழுத்துப் பார்த்தான். அது இல்லை என்று தலையை ஆட்டினான். இன்னொன்றை ஆரம்பித்தான், அதுவும் இல்லை. கல்லாப்பெட்டி மேல் விரலால் தாளம் தட்டிப் பார்த்தான். ஒரு சின்னப் பெண் வந்து கால் கிலோ சீனி கேட்டது. நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"வரமாட்டேங்குதுடா" என்றான்.